ஆப்பசோடா முகத்துக்கு வேண்டாம் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவை அம்மாவும் நானும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டு கன்னமும் சிவந்து கிடக்கிறது. மூக்கோரத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி எழும்பி நிற்கிறது. பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றாய். விடுதியில் கூட இருக்கிற பெண் சொன்னாள் என்று, கரும்புள்ளி போவதற்காக ஆப்பசோடாவைக் குழைத்து வாரத்துக்கு நாலு நாள் தேய்த்திருக்கிறாய். போனில் நான் சொல்ல ஆரம்பித்ததும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் செய்ய வேண்டியது. இன்றையிலிருந்து அந்த சோடா முகத்தில் படக்கூடாது. சோப்பும் கொஞ்ச நாள் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. ஈரம் காய்வதற்குள் வாசலின் மெல்லிசாகத் தடவு. வெயிலில் போனால் துப்பட்டாவால் மூடிக்கொள். ஒரு வாரத்தில் சிவப்பு அடங்காவிட்டாலோ, நீர் கோத்தாலோ தோல் டாக்டரிடம் போய்விடு. பணத்தைப் பற்றி யோசிக்காதே.

28 வருஷம் மளிகைக் கடை நடத்தியவன் நான். ஆப்பசோடாவை மூட்டையில் வாங்கி, 50 கிராம் பொட்டலமாகக் கட்டி விற்றவன். மூட்டை பிரிக்கிற அன்று சாயங்காலம் என் விரல் நுனியெல்லாம் வறண்டு, ரேகை ஓரங்களில் வெள்ளையாக வெடித்திருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் விரலைத் தொட்டுப் பார்த்து, உப்புத்தாள் மாதிரி இருக்கிறது என்பாய். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ப்பேறிய கை அது. அதற்கே அந்தக் கதி என்றால், உன் கன்னத்துத் தோலை நினைத்துப் பார். முகத்தில் மேலாக இருக்கிற அந்தப் பாதுகாப்புப் படலம் ஒரு காகிதத்தின் கனம்கூட இருக்காது.

சோடா காரம், அதாவது புளிப்புக்கு (அமிலத்துக்கு) எதிரானது என்பது படித்த உனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணால் பார்த்தால் நம்புவாய். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை சோடாவைப் போடு. மஞ்சள் செம்மைப்படும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு கடுமையான காரம், அதனால் அத்தனை சிவப்பு. சோடா அதைவிட மட்டு. ஆனால் உன் தோல் இருப்பது இதற்கு எதிர்ப்பக்கத்தில். ஆரோக்கியமான தோலின் மேல் எப்போதும் லேசான புளிப்பு இருக்கும், அமிலத்தன்மை. புளிப்பையும் காரத்தையும் அளக்கிற பிஎச் கணக்கில் ஏறக்குறைய 5. சோடாத் தண்ணீர் 8-ஐத் தாண்டும். அந்தக் கணக்கில் ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு. மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு.

இந்தப் புளிப்புதான் தோலுக்குக் காவல். ஜெர்மனியில் இரண்டு டாக்டர்கள் 1928-லேயே இதைக் கவனித்து, அமிலப் போர்வை என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். தோலின் மேல்செல்களை ஒட்டவைத்து ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிற கொழுப்புகள் சரியாக உருவாவதற்கும், கெட்ட கிருமி தங்காமல் இருப்பதற்கும் அந்தப் புளிப்பு வேண்டும். நீ நாலு நாளைக்கு ஒரு தடவை அல்ல, வாரத்தில் நாலு நாள் அதைக் கலைத்திருக்கிறாய். காரம் ஒரு பக்கம், பரபரவென்று தேய்த்த துகள் ஒரு பக்கம். பச்சைத் தண்ணீர் எரியாமல் என்ன செய்யும்?

சோப்பும் காரம்தானே என்று கேட்பாய். ஆமாம், பல சோப்புகள் சோடாவைவிடக் காரம். சாம்பார் கொட்டிய வேட்டியில் சோப்புப் போட்டால் கறை சிவக்குமே, அது அதனால்தான். ஆனால் சோப்பு நொடியில் கழுவப்பட்டுவிடும், தோல் சில மணி நேரத்தில் தன் புளிப்பை மீட்டுக்கொள்ளும். நீ சோடாவை ஐந்து நிமிஷம் வைத்துத் தேய்த்தாய், ஆறுவதற்குள் மறுபடி தேய்த்தாய்.

சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாளாமே. தயவுசெய்து வேண்டாம். நுரை பொங்குவது வெறும் கரியமில வாயு, அதில் அழுக்கு எதுவும் வெளியே வருவதில்லை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளமே வரலாம்.

இதை நான் இவ்வளவு வேகமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, உன்னிடம் சொன்னதில்லை. நீ ஆறாவது படிக்கிறபோது, பக்கத்துத் தெருவில் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் கடைக்கு வந்து, "அண்ணே, முகத்துக்குப் போட ஆப்பசோடா குடுங்க" என்றாள். "நல்லா பளபளன்னு ஆகும்மா" என்று சொல்லி நானே கட்டிக் கொடுத்தேன். யாரோ சொல்லிக் கேட்டதுதான், எனக்கு என்ன தெரியும். இரண்டு வாரம் கழித்து முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு வந்து கஸ்தூரி மஞ்சள் கேட்டாள். காசு கொடுக்கக் கை எடுத்தபோது பார்த்தேன், இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாகக் கருத்திருந்தது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் புண்பட்ட இடம் ஆறினாலும் கருமை போக மாதக்கணக்கில் ஆகும். அவள் கல்யாணப் போட்டோவிலும் அது இருந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு முகத்துக்கு என்று யார் கேட்டாலும் நான் கொடுக்கவில்லை. அதே மாதிரி வெள்ளையாக இருக்கிற சலவை சோடா இன்னும் பல மடங்கு காரம். மாறிவிடக்கூடாது என்று இரண்டு மூட்டையையும் கடையின் இரண்டு மூலையில் வைத்திருந்தேன்.

மூக்கில் இருக்கிற கரும்புள்ளி அழுக்கு இல்லை பாப்பா. துவாரத்தில் தங்கிய எண்ணெயும் உதிர்ந்த செல்லும் காற்றுப் பட்டுக் கருப்பது. தேய்த்தால் போகாது. மேல்தோல் ஏறக்குறைய நாலு வாரத்தில் தானாகவே உதிர்ந்து புதிதாகும், உன் வயதில் அதற்கு யாரும் உதவ வேண்டியதில்லை. புள்ளி தொந்தரவாக இருந்தால் அதற்கான மருந்தை டாக்டரிடம் கேள்.

அம்மா நலங்கு மாவு அரைத்திருக்கிறாள். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். மிளகாய் அரைத்த மிஷினில் போடக்கூடாது என்று, அரிசி அரைக்கிற நேரம் பார்த்துக் காலை ஆறு மணிக்கே மில்லில் நின்றாள். துணியில் சலித்து டப்பாவில் அடைத்தாயிற்று. திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். ஆனால் வந்த அன்றே போடாதே. முகம் முழுசாக ஆறட்டும். அப்புறம் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார். அரிப்பு இல்லையென்றால், வாரம் ஒரு தடவை, தயிரில் குழைத்துப் பூசிக் கழுவிவிடு. தேய்க்காதே.

அந்த சோடா டப்பாவைக் குளியலறையிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் வை. கொண்டைக்கடலை ஊறப்போடும்போது ஒரு சிட்டிகை போடு, சீக்கிரம் வேகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிச்சத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எதுவும் பூசாமல். அம்மா காத்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா