விற்கும் விலைக்குப் பக்கத்தில் எங்கள் விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழில், 'தரம் பிரித்துக் கொடுக்கப் பழகினால் சூப்பர் மார்க்கெட் மூலம் விவசாயி நல்ல லாபம் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தரம் பிரிக்கத் தெரியாமலா நாங்கள் நட்டப்படுகிறோம்?

ஆலங்குளம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் வெண்டை போடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் நிலையத்தில் நிற்கும் தம்பி நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் காயை எடுப்பார். வளைந்தது, கொஞ்சம் நீண்டது எல்லாம் கழிவு. சந்தை விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் மிச்சத்தை ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்திருக்கும். கமிஷன் கடைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பாதி விலை சொல்வார். எல்லாவற்றையும் அங்கேயே போட்டிருந்தால் நல்ல காயோடு சேர்ந்து இதுவும் விலை போயிருக்கும். கூடக் கிடைத்த இரண்டு ரூபாய் வண்டி வாடகைக்கே காணாது.

திடீரென்று ராத்திரி கொள்முதல் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில், 'நாளைக்கு 40 கிலோ போதும்' என்று வரும். பறிக்காமல் விட்டால் வெண்டை முற்றிப்போகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சுணை அரிப்புக்காகப் பழைய முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு விடியுமுன்னே பறிக்க வரும் பெண்களுக்கு அன்றன்றே கூலி கொடுத்தாக வேண்டும். எங்கள் பணம் வங்கியில் ஏற இரண்டு வாரம், மூன்று வாரம்கூட ஆகிறது.

சந்தையிலும் நிம்மதி கிடையாது. கமிஷன் போக, கேரள வியாபாரிகள் ஒரு நாள் வராவிட்டால் விலை படுத்துவிடும். 1999-ல் உழவர் சந்தைத் திட்டம் வந்தபோது எவ்வளவு நம்பினோம்! திருநெல்வேலி மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு மூட்டையோடு போக எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் ஒரு பஸ் இல்லை. அதையும் எழுதிக் கேட்டோம், யார் காதிலும் விழவில்லை. தக்காளி விலை ஏறினால் முதல் பக்கச் செய்தி. விலை விழுந்து செடியோடு விடும்போது எங்களைத் தேடி ஒரு நிருபரும் வருவதில்லை. நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது ஏறக்குறைய 33 ரூபாய்தான் என்று 2024-ல் ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கையே சொன்னதே, அந்த 33-ல்தானே விதை, உரம், கூலி எல்லாம் அடங்க வேண்டும்?

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். தினமும் வெளியிடும் காய்கறி விலைப் பட்டியலில், பாவூர்சத்திரத்தில் அன்று விவசாயிக்குக் கிடைத்த விலையையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வெண்டை விவசாயி,
ஆலங்குளம் வட்டாரம்.