புல்லுக்குச் சாக்கு போர்த்திய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

காந்தல் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும், எங்கள் முதியோர் இல்லத்துக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

புல் வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோடை மழை இறங்கியதும் முன்வாசல் புல்தரை பச்சை பிடித்துவிட்டது. இன்று காலை தாத்தாக்களும் பாட்டிகளும் அதில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்தார்கள். பார்த்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு என்று தள்ளினால் சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும்.

பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் புல் வெட்ட வந்தவர் அதைத் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டுப் போனதும், அதன் பிறகு நாங்கள் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளற மனமில்லை. புல்லுக்குப் போய் இத்தனை கவலையா என்று கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஊட்டிக் குளிரில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் வயதானவர்கள் கைத்தடியை ஊன்றிப் பயமில்லாமல் நாலு எட்டு வைக்க எங்களுக்கு இருப்பது அந்த ஒரு இடம்தான். சிமென்ட் தரையில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். வெறும் மண்ணோ பனியில் ஊறி வழுக்கும். புல் போனபோது அவர்களுடைய காலைப்பொழுதே போய்விட்டது.

இனி அக்காவைப் பற்றி. பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். கேரட் தோட்டத்தில் கூலி வேலை. தினமும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போவார், வருவார். அதுவரை அவருக்கும் எங்களுக்கும் "சாப்டீங்களா" என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் பழக்கம்.

அன்று சாயங்காலம் நல்ல மனசுக்காரர் ஒருவர் அனுப்பிய யூரியா மூட்டை வராந்தாவில் இருந்தது. மறுநாள் தூவுவதாக ஏற்பாடு. வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த அக்கா மூட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் புல்தரையின் நடுவே போய்க் குந்தி உட்கார்ந்து, வைக்கோல் நிறத்தில் கிடந்ததை இரண்டு கையாலும் விலக்கினார். மண்ணை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த ஒரு தண்டை விரலில் பிடித்து நகத்தால் சுரண்டிக் காட்டினார். மேலே பழுப்பு. உள்ளே ஈரத்தோடு வெளிர்பச்சை. கணுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளை முனை.

"உசுரு இருக்குதுங்கம்மா. வேரு போகல. இப்ப யூரியா போட்டீங்கன்னா கருகிரும். பத்து நாள் பட்டினி கெடந்த புள்ளைக்கு ஒரேயடியா பிரியாணி போடுவீங்களா?"

வீடு முழுக்கப் புல் செத்துவிட்டது என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வெளிர்பச்சையை எங்கள் பாட்டிகள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். யூரியா மூட்டையை அப்படியே எடுத்து உள்ளே வைத்தோம்.

அதோடு அவர் போயிருந்தாலே பெரிய உதவிதான். மறுநாள் சாயங்காலம் தோளில் பழைய சணல் சாக்குகளோடு வந்தார். துவைத்துக் காயவைத்த சாக்குகள். நீர்ப்பனி போய் உறைபனி விழ ஆரம்பித்திருந்த நேரம். காந்தலில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, குதிரைப் பந்தய மைதானமும் தலைகுந்தாவும் வெள்ளையாகும் நாளில் நம் வாசலும் வெள்ளையாகத்தான் இருக்கும். எங்கள் வாசலில் இருப்பது கிக்குயு என்ற வகைப் புல். அதில் இலை இருந்தால் உறைபனி இலையைக் கருக்குவதோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் தண்டு பிழைத்துக்கொள்ளும். ஒட்ட வெட்டிய புல்லுக்கு அந்தப் போர்வை இல்லை. பகலில் வெயிலும் ராத்திரியில் பனியும் நேரே தண்டின் மேலேயே விழும். இதை அக்கா எங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மூடுவதைச் சுட்டிக்காட்டி, "அங்க பூவுக்கு, இங்க புல்லுக்கு" என்றார். அவ்வளவுதான்.

சின்னச் சின்னக் குச்சிகளை நட்டு, சாக்கு புல்லைத் தொடாதபடி அவற்றின் மேல் விரித்தார். நான்கு ஓரத்திலும் கல். மிக மோசமாக வெட்டுப்பட்டிருந்த கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் போர்வை, மற்றது சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். அன்று முதல் பனி ஓயும் வரை, இருட்டுவதற்கு முன் வந்து சாக்கு விரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். விடியலில் போய் நாள் முழுக்கக் குனிந்து கேரட் பிடுங்கிய உடம்பு. அந்த உடம்பு மறுபடி எங்கள் வாசலில் வந்து குனிந்ததை நினைக்கும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

காலையில் சாக்கை எடுக்கும் வேலையை எங்கள் இல்லத்தவர்களிடமே கொடுத்தார். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் புல் வெளிறிப் பூஞ்சை பிடிக்கும். மூடாத பக்கத்தில் பனி படிந்திருந்தால் வெயில் விழுவதற்குள் தண்ணீர் தெளித்துவிடச் சொன்னார். கேரட் தோட்டங்களில் விடியலில் ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிடுகிறார்களே, அதே முறை. உறைந்த புல்லின் மேல் யாரும் நடக்கக் கூடாது, நடந்தால் கால் பட்ட இடமெல்லாம் கருத்துப்போகும். கட்டிலை விட்டு இறங்க மறுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "என் சாக்கை நான்தான் எடுப்பேன்" என்று குல்லாவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மருத்துவரும் பிள்ளைகளும் எத்தனையோ சொல்லி நடக்காத காரியம் அது. அக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடனில் இது பெரிய பங்கு.

பனி ஓய்ந்து புதுத்தளிர் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் உரத்தைப் பற்றிப் பேச விட்டார். அப்போதும் யூரியா இல்லை. சலித்த மண்ணும் மக்கிய மாட்டு எருவும் கலந்து, தளிர் மூடிவிடாதபடி மெல்லிசாகத் தூவினோம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மண் ஆழமாக நனையும்படி காலையில் தண்ணீர் விட்டோம். வேர் கீழே இறங்க அது உதவும். வெட்டவெளியான இடத்தில் களை முந்திக்கொண்டு வரும் என்பதால் அதையும் கையால் பிடுங்கினோம்.

மற்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. எருவை இறக்கிவிட்டு வாடகை வாங்காமல் போன பிக்கப் ஓட்டுநர் தம்பி, மழுங்கிப்போன பிளேடைச் சாணை பிடித்துக் கொடுத்த பட்டறைக்காரர், கிரிக்கெட்டை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்ட பிள்ளைகள், காட்டுமாடு உள்ளே இறங்காதபடி ராத்திரியில் கேட்டைப் பார்த்துப் பார்த்துச் சாத்திய பக்கத்து வீட்டு அண்ணன், தண்ணீர் முறை வராத நாளில் தங்கள் தொட்டியைத் திறந்துவிட்ட குடும்பங்கள், போனிலேயே அத்தனை யோசனை சொன்ன ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஐயா. யூரியா அனுப்பியவருக்கும் என் நன்றி உண்டு, அவருடைய அக்கறையில் குறை இல்லை. மலர்க் கண்காட்சிக்கு முன்னால் தாவரவியல் பூங்காவின் பெரிய புல்மைதானத்திலேயே யாரையும் இறங்க விடாமல் காப்பாற்றுகிறார்கள் என்று தோட்டக்காரர் ஐயா சொன்ன பிறகுதான், பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமும் ஓரமாக நடங்கள் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் வந்தது.

இனிமேல் இந்த இல்லத்தில் புல் வெட்ட யார் வந்தாலும் நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க விடமாட்டேன். மூன்று அங்குலம் வளர்ந்திருந்தால் இரண்டு அங்குலமாவது தரையில் நிற்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மெஷின் வெளியே வராது. இன்னொன்றும் உண்டு. கிக்குயு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து இங்கே வந்த புல். நம் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் அது புகுந்து நம் மண்ணின் புற்களை அமுக்கிவிடுகிறது. அதனால் வேலியைத் தாண்டி ஓடும் தண்டுகளை மாதாமாதம் வெட்டி எடுப்போம், வெட்டியதை ஓடைப் பக்கம் கொட்டமாட்டோம். எங்களைக் காப்பாற்றியது இந்த மலை. அதற்கு எங்களால் கெடுதல் வரக் கூடாது.

அக்கா, சாக்குகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். திருப்பித் தரமாட்டோம், அடுத்த பனிக்கு எங்களுக்கு வேண்டும். உங்கள் தோட்டத்துக்குப் புதுச் சாக்குகள் வாங்கி வைத்திருக்கிறோம், மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் டீ குடிக்க வாருங்கள். வர்க்கி உண்டு. புல்லிலேயே உட்காரலாம், பாட்டிகள் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். கிழக்கு மூலையில் கயிறு கட்டிய இடம் இன்னும் இளசாக இருக்கிறது, அதில் மட்டும் கால் வைக்க வேண்டாம்.

நன்றியுடன்,
இல்லத்தின் பொறுப்பாளர்
காந்தல், உதகை