எங்கள் மனைகளில் டேப் வைத்து அளந்தவர்களுக்கு

எங்களிடம் மனை வாங்கியவர்களுக்கும், வந்து கேள்வி கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கும் வணக்கம்.

மனை விற்பனைத் தொழிலில் எங்கள் குழுவுக்கு இந்த ஆண்டு ஒரு விருது கிடைத்திருக்கிறது. சந்தோஷம்தான். பத்திர எழுத்தர்கள், சர்வேயர்கள், சட்டக் கருத்து எழுதித் தந்த வழக்கறிஞர்கள் எல்லாருக்கும் நன்றி. ஆனால் கேடயம் வில்லங்கச் சான்று ஆகாது. இனி வருகிறவர்களும் எங்களைப் பழையபடி துருவித் துருவிக் கேட்க வேண்டும்.

30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டு, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைத் தேடிப் பார்க்காதவர்கள் குறைவு. கோட்டை விடுவது தேடும் எண்ணில்தான். 112/3 என்ற சர்வே எண் உட்பிரிவாகி 112/3ஏ ஆகியிருக்கும். புதிய எண்ணில் மட்டும் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாது. தாய் எண்ணிலும் போடுங்கள். கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். விற்றவரின் தகப்பனார் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விடுபட்ட தங்கையை வில்லங்கச் சான்று காட்டிக்கொடுக்காது.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் வேறு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வேறு. ஒன்றைக் காட்டி மற்றதற்கும் சேர்த்துப் பேசினால் உஷார். லேஅவுட் சாலைகளை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தின் நகலையும் கேளுங்கள்.

அப்புறம் அளவு. 30க்கு 40 மனையில் நாலு பக்கமும் சரியாக இருந்தும் மூலை கோணலாக இருக்கலாம். குறுக்கே மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள், 50 அடி வர வேண்டும். இரண்டு குறுக்கும் ஒத்துப்போக வேண்டும். 30 அடிப் பக்கத்தில் அரை அடி குறைந்தாலே 20 சதுர அடி போச்சு. எல்லைக்கல்லின் நடுவிலிருந்து அளக்கிறீர்களா, ஓரத்திலிருந்தா என்பதையும் சர்வேயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் கிளம்புகிறது.

பணம்: 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் லேஅவுட் போட்டு விற்பவர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நாங்கள் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அளக்க வரும்போது டேப்பை நீங்களே கொண்டுவாருங்கள். மறுமுனையைப் பிடிக்க எங்கள் ஆள் இருப்பார்.