வெள்ளைக் கேனில் இருந்தது என்ன? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்ங்க. எதுவாக இருந்தாலும் கடைக்கு வரும்போது வாயால் சொல்லிவிடுவதுதான் என் வழக்கம். கடுதாசி எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இரண்டு வாரமாகக் கல்லாவில் உட்கார்ந்தால் போதும், "என்னங்க, தண்ணிய ஊத்திட்டு கூலன்ட்டுக்குக் காசு வாங்கறீங்களாமே?" என்று சிரிப்பும் சந்தேகமுமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் இந்த மடல். கூலன்ட் என்பது காரின் எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டருக்குள் ஓடுகிற திரவம்ங்க.

நடந்தது இதுதான். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. காலையில் வண்டியை எடுக்கப் போனால் அடியில் பச்சையாக ஒரு குட்டை. ரேடியேட்டர் ஒழுகுகிறது, வண்டியை ஓட்டிக்கொண்டு வரப் பயமாக இருக்கிறது, வீட்டுக்கே வந்து மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். நம் கடையில் வேலை செய்கிற தம்பி போனான். வேலை முடிகிற நேரத்தில் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்திருக்கிறார். முழுசாக ஒரு நிமிஷம்கூட இல்லை. வெள்ளைக் கேனிலிருந்து நிறமில்லாத தண்ணீரைத் தம்பி பக்கெட்டில் ஊற்றுகிறான், கலக்குகிறான், வண்டியில் விடுகிறான். கீழே ஒரு வரி: "கூலன்ட் என்ற பெயரில் வெறும் தண்ணீர், உஷார்." இது எத்தனை வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது என்று எனக்குக் கணக்கு இல்லை. என் மச்சினன் இருக்கிற குரூப்புக்கே வந்துவிட்டது.

அதே பக்கெட்டில் அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் பச்சைக் கூலன்ட் கேனைக் கவிழ்த்தது வீடியோவில் இல்லை. அப்போது அவர் காபி குடித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் வாங்குவது அடர் கூலன்ட். அப்படியே ஊற்றுவதற்கில்லை, சரிபாதி தண்ணீர் சேர்க்க வேண்டும். கேனிலேயே அச்சடித்திருக்கிறது. கலந்தே விற்கிற ரெடிமிக்ஸும் உண்டு, ஆனால் அதிலும் பாதி தண்ணீர்தான், கம்பெனியிலேயே கலந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தனியாகச் சூட்டைச் சரியாகச் சுமக்காது. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. ஆனால் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், அலுமினியத்தையும் அரிக்கும். இரண்டையும் பாதிப்பாதி கலந்து, அழுத்த அளவு 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கிற நல்ல ரேடியேட்டர் மூடியை இறுக்கி மூடினால், 120 டிகிரி தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். ஆகவே ஐயா, அம்மா, தண்ணீர் ஊற்றினோம். ஊற்றத்தான் வேண்டும். ஊற்றாவிட்டால்தான் தப்பு.

ஆனால் எந்தத் தண்ணீர்? அதுதான் அந்த வெள்ளைக் கேன். டி.எம். வாட்டர், உப்பு எடுத்த தண்ணீர், பேட்டரிக்கு விடுகிறோமே அதே. "நம்மூரு சிறுவாணித் தண்ணியவிட அது ஒசத்தியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். குடிக்கச் சிறுவாணிதான், மறுபேச்சில்லை. ஆனாலும் குழாய்த் தண்ணீரில் கொஞ்சமாவது உப்பும் குளோரினும் இருக்கும். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. அப்படி அடைத்துப்போன ரேடியேட்டரை அறுத்துக் கடை வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன், வரும்போது விரலால் தடவிப் பாருங்கள்.

அந்த வண்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியிருக்கிறது, குடும்பத்தோடு. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவிலேயே நின்றதாம். வண்டிக்காரரே போனில் சொன்னார். குரூப்பிலும் ஒரு வார்த்தை போடுங்களேன் என்றேன். "எதுக்குங்க, பக்கத்து வீட்டுக்காரரு" என்றார். சரி, அவருக்கும் அங்கே குடியிருக்க வேண்டுமே.

ஒரு தப்பு எங்களுடையது, அதை மறைக்கவில்லை. பில்லில் முழுக் கேனுக்கும் காசு போட்டிருந்தோம். ரேடியேட்டரைக் கழற்றும்போது எஞ்சின் பிளாக்குக்குள் இருக்கிற பழைய கூலன்ட் முழுசாக வெளியே வராது, அதனால் புதிதாக ஊற்றுவதில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வராமல் தம்பி பழக்கதோஷத்தில் தன் வண்டியில் எடுத்துப்போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மறுநாளே கொடுத்தனுப்பினேன். இனி மிஞ்சியது உங்களுடையது. பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதிக் கொடுத்துவிடுவோம். குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் வையுங்கள், அது தித்திக்கும், விஷம்.

"முன்னெல்லாம் பத்த வெச்சுக் குடுத்தீங்க, இப்ப எதுக்கெடுத்தாலும் மாத்தச் சொல்றீங்க" என்பதும் காதில் விழுகிறது. அம்பாசடர், பத்மினி கார் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும். இப்போது வருவதில் கோர் என்கிற நடுப்பகுதி அலுமினியம், மேலும் கீழும் அல்லது இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க், நடுவில் ரப்பர் வைத்து ஓரத்தை மடித்துக் கவ்வ விட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் சூட்டில் காய்ந்து விரிசல் விட்டால் எதை வைத்துப் பற்றவைப்பது? எம்சீல் ஒரு வாரம் தாங்கும். மஞ்சள்தூள் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஒழுகல் நிற்கிறதோ இல்லையோ, உள்ளே சந்து பொந்தெல்லாம் அடைபடும்.

நம் மேஸ்திரியைத் தெரியாதவர்கள் உங்களில் யார்? 19 வருஷம். ரேடியேட்டரைக் கழற்றியதும் முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சரில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி வைப்பார், புது ரேடியேட்டரை இறக்கும்போது ஒரு தகடுகூட நசுங்கக் கூடாது என்று. மூடியைத் திறந்துவைத்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை வண்டி பக்கத்தை விட்டு நகரமாட்டார், உள்ளே காற்று நின்றுவிட்டால் அத்தனை வேலையும் வீண் என்பார். பார்க்கிங் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் போய்விட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. வரச்சொல்லி வற்புறுத்த எனக்கு மனசும் இல்லை. வீடியோவில் நீங்கள் பார்த்த தம்பி அவரிடம் தொழில் கற்றவன்தான். அந்தக் காலண்டர் அட்டையை இவனும் வைக்கிறான்.

ஆனால் கை ஒன்று குறைந்துவிட்டது. அதனால் வீட்டுக்கு வந்து செய்கிற வேலை இனி ஒரு நாளைக்கு இரண்டு வண்டிதான், வருகைக் கட்டணம் 400 ரூபாய் இருந்தது 650 ஆகிறது, நீங்களே ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிற ரேடியேட்டரை மாட்டினால் அதற்கு எங்கள் கியாரண்டி வராது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோது அன்றைக்கே விலையைக் குறைத்துப் பில் போட்டோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக மாட்டிக்கொள்கிறேன் என்று சாமான் மட்டும் வாங்கிப் போகிறவர்கள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது, சந்தோஷம்தான். வண்டி நன்றாக ஆறட்டும், சூட்டில் மூடியைத் திறந்து முகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஹோஸ் கிளிப் துருப்பிடித்திருந்தால் பத்து இருபது ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகள் சிலவற்றில் கியர் ஆயில் குழாயும் ரேடியேட்டரிலேயே வந்து சேரும், அது மட்டும் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் வேலை நடுவில் போன் செய்யுங்கள். போனில் சொல்வதற்குக் காசு கிடையாது, என்றைக்கும் கிடையாது.

அந்த வீடியோ வந்த அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேர் கடைக்கு வந்து, வேண்டுமோ வேண்டாமோ, ஆளுக்கொரு கூலன்ட் கேன் வாங்கிக்கொண்டு போனீர்கள். ஒன்றும் பேசவில்லை. அதில் ஒருவரிடம் இப்போது காரே இல்லை என்பது எனக்குத் தெரியும். இதையெல்லாம் மறக்க முடியுங்களா. நன்றி.

இப்படிக்கு,
உங்கள் ரேடியேட்டர் கடைக்காரன்

பி.கு.: மூன்றாவது மாடி அண்ணா, உங்கள் வண்டியின் கீழ் ஹோஸ் பக்கம் பச்சைக் கறை காய்ந்து நிற்கிறதென்று தம்பி அன்றைக்கே சொன்னான். சீக்கிரம் யாரிடமாவது காட்டிவிடுங்கள். எங்களிடம்தான் என்று இல்லை.