எதில் போச்சு, தம்பி?

அன்புத் தம்பிக்கு,

தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு "இந்தத் தடவையும் இல்லக்கா" என்று நீ அனுப்பி இரண்டு நாளாகிறது. உடனே பதில் வரவில்லையே என்று வருந்தியிருப்பாய். "பரவாயில்லடா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அடித்தேன், அழித்தேன். முதல் இரண்டு முறையும் அதே வரியைத்தான் உனக்கு அனுப்பினேன். மூன்றாவது முறையும் அதையே அனுப்ப மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். மெதுவாகப் படி.

முதலில் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் எந்த முடிவும் எடுக்காதே. "விட்டுவிடுகிறேன்" என்றும் வேண்டாம், "இனி ராப்பகலாகப் படிக்கிறேன்" என்றும் வேண்டாம். அடிபட்ட மனசு இரண்டு பக்கமும் மிகையாகத்தான் ஆடும். தூங்கு. அழ வேண்டும்போல் இருந்தால் அழு. வருத்தப்படுவதற்கு உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. வேலைக்கும் போய்க்கொண்டு, விடியற்காலை எழுந்து படித்தவன் நீ. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நேற்று அம்மாவிடம் "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றாயாம். அந்த வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது. வராது என்றால், எது வராது? நம் மொழியில் எழுவாய் இல்லாமலே ஒரு வாக்கியம் கம்பீரமாக நின்றுவிடும். யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பாடம் முழுவதும் வராதா? ஒரு பகுதி வராதா? தெரிந்ததை நேரத்துக்குள் எழுத வராதா? கேள்வியை நிதானமாகப் படிக்க வராதா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு நோய். மருந்தும் வேறு. "வராது" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் எதற்கும் மருந்து கிடையாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அப்படிச் சொன்னவள். என் கணக்கியல் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றது உனக்குத் தெரியும், ஆனால் நீ அப்போது சின்னப் பையன். இரண்டாவது முறை முடிவு வந்த மறுநாள் அலுவலகத்தில் ஒரு மூத்தவர் கேட்டார்: "எதில் போச்சும்மா?" எனக்குப் பதில் தெரியவில்லை. மொத்த மதிப்பெண் தெரியும், எத்தனை மதிப்பெண்ணில் போயிற்று என்று தெரியும், எதில் போயிற்று என்று தெரியவில்லை. அவர் வேறொன்றும் சொல்லவில்லை, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில், தேர்வுக்கு முன் நான் எழுதிப் பார்த்த மாதிரித் தாள்களை எல்லாம் தரையில் பரப்பினேன். அதுவரை ஒன்றைக்கூட திரும்பப் பார்த்ததில்லை. தப்பைப் பார்க்கவே கூச்சம். எழுதி, கூட்டிப் பார்த்து, மூடி வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். அன்றுதான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதல் பக்கத்தில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நான்காவது பக்கத்தில் எழுத்து சாய ஆரம்பிக்கிறது. கடைசி இரண்டு கேள்விக்கு வெறும் எண் மட்டும் போட்டிருக்கிறது. எந்தத் தாளை எடுத்தாலும் இதே கதை. பாடம் தெரியாமல் போன மதிப்பெண் நான் பயந்ததில் பாதிகூட இல்லை.

நேரம் எங்கே போயிற்று என்று தேடினேன். இருப்புநிலைக் குறிப்பில் போயிருந்தது. சொத்து ஒரு பக்கம், கடனும் முதலும் மறுபக்கம், இரண்டும் சமமாக வர வேண்டிய கணக்கு அது. மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண் என்றால், பதினாறு மதிப்பெண் கேள்விக்குக் கிட்டத்தட்ட 29 நிமிடம். நானோ ஐம்பது நிமிடத்துக்கு மேல் செலவழித்திருக்கிறேன். ஏனென்றால் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை. வித்தியாசத்தை விட்டுவிட்டு நகர மனசு ஒப்பவில்லை. திரும்பத் திரும்பக் கூட்டுவேன், அடிப்பேன், மறுபடி கூட்டுவேன். அந்த நேரத்தில் அதுதான் விடாமுயற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. படிகளை ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பெரும்பகுதி மதிப்பெண் ஏற்கெனவே கையில் இருந்தது. மீதி ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்காக, தெரிந்த இரண்டு கேள்விகளை எழுதாமலே விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முப்பதாவது நிமிடத்தில் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில், அதாவது காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கில், போட்டுவிட்டு அடுத்த கேள்வி. யோசனை கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று மாதம் வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகினேன். முதல் பத்துத் தாளில் கை நகரவே மறுத்தது. பிறகு பழகிவிட்டது. மூன்றாவது முறை தேறினேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகரும்தான். ஆனால் எந்தப் பக்கம் அடிக்கிறோம் என்று ஒரு தடவையாவது குனிந்து பார்க்க வேண்டாமா? நீ மூன்று வருடம் அடித்திருக்கிறாய். குனிந்து பார்த்தாயா என்றுதான் கேட்கிறேன்.

இதை நான் என் சின்னத் தேர்வை வைத்து மட்டும் சொல்லவில்லை. ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணித மேதையின் கதை உனக்குப் பிடிக்கும். 1637 வாக்கில் ஃபெர்மா ஒரு புத்தக ஓரத்தில் குறித்து வைத்த கணிதக் கூற்று, மூன்றரை நூற்றாண்டு யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்தது. வைல்ஸ் பத்து வயதில் நூலகத்தில் அதைப் படித்து மயங்கியவர். 1986இல் தொடங்கி ஏழு வருடம், ஏறக்குறைய ரகசியமாக அதில் உழைத்தார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். உலகமே கொண்டாடியது. சில மாதங்களில், சரிபார்த்தவர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சின்ன ஓட்டை மாதிரித்தான் இருந்தது. அடைக்கப் போனால் அடைபடவில்லை.

உன் நிலைமையைவிட அது கொடுமை. உன் முடிவு நமக்குள் தெரியும், அவ்வளவுதான். அவருடைய தோல்வி உலகத்தின் கண்முன் நடந்துகொண்டிருந்தது. தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் போராடினார். கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். 1994 செப்டம்பர் 19, திங்கட்கிழமை காலை. மேசையில் உட்கார்ந்தவர், ஓட்டை விழுந்த அந்த முறையைக் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று எடுக்கிறார். சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கையில் எடுக்கவில்லை. அது ஏன் சரியாக வரவில்லை என்பதையாவது தெளிவாகப் புரிந்துகொள்ளலாம் என்றுதான் எடுத்தார். அந்த இடத்தில்தான் விடை இருந்தது. அந்த முறை எதனால் உடைந்ததோ அதே காரணம், அவர் சில வருடங்களுக்கு முன் சரிப்படாது என்று ஒதுக்கி வைத்த இன்னொரு வழியை, இவசாவா கோட்பாடு என்ற எண்கணிதக் கோட்பாட்டின் வழியை, உயிர்ப்பித்துவிட்டது. தனித்தனியாகத் தோற்ற இரண்டும் சேர்ந்து நின்றன. 1995இல் நிரூபணம் அச்சாகி வெளிவந்தது.

இதைப் படித்த நாளில் நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏழு வருட உழைப்பை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் திங்கட்கிழமைக் காலைதான் பெரிதாகத் தெரிகிறது. ஜெயிக்கும் ஆசை அடங்கிப்போய், "இது ஏன் உடைந்தது?" என்று மட்டும் கேட்ட ஒரு மனுஷன்.

கட்டலின் கரிக்கோ என்ற உயிர்வேதியியலாளரின் கதையும் அதேதான். எம்ஆர்என்ஏ என்பது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு. செயற்கையாகச் செய்த எம்ஆர்என்ஏவை உடம்புக்குள் செலுத்தினால் நோயெதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாக நினைத்து அழற்சியை உண்டாக்கியது. பலர் அதோடு அந்தத் துறையையே விட்டார்கள். அவருக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைக்கவில்லை. 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவியும் இறக்கப்பட்டது. ஆனால் அவரும் அவருடைய சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனும் அந்த அழற்சியையே கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். இது ஏன் வருகிறது? டிஆர்என்ஏ என்ற இன்னொரு வகையைப் போட்டால் ஏன் வரவில்லை? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசத்தைப் பின்தொடர்ந்து, எம்ஆர்என்ஏவின் துண்டுகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதில், அதன் சற்றே மாறிய வடிவமான சூடோயூரிடினை வைத்தார்கள். அழற்சி அடங்கியது. 2005இல் அந்தக் கட்டுரை வந்தபோது பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. பதினைந்து வருடம் கழித்து கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் அதன் மேல்தான் எழுந்தன. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு.

நீ நோபல் வாங்க வேண்டாம். தடை வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அங்கேயே கிட்டப் போய்ப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, அது யாருக்கும் கைவரும் என்று சொல்லத்தான் இதெல்லாம்.

இனி உன் படிப்புக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ மஞ்சள் பேனாவால் கோடு போட்டு மறுபடி மறுபடி வாசிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததை அபூர்வமாகத்தான் பார்த்தேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி சுகமாக இருக்கும். மூடிவைத்து எழுதினால் தடுமாறும், எரிச்சல் வரும். அந்த எரிச்சலைப் பார்த்துத்தான் "வராது" என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே இறங்கும்போது அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாயே, பதவிப் பெயரோடு உன் பெயர். அதைக் கிழிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கனவு காண்பதும் நம்புவதும் ஒன்றில்லை. கபிரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களைக் கவனித்தார்கள். தன்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். எல்லாம் இனிமையாக முடிந்துவிட்டதைப் போலக் கற்பனையில் மிதந்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். ஆகவே அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டு. உன் வழியில் நிற்கும் தடை ஒன்று, அது வந்தால் நீ செய்யப்போவது ஒன்று. "வேலை முடிந்து வந்து படுக்கத் தோன்றினால், முகம் கழுவிவிட்டு பத்தே பத்து கேள்வி." என் அனாமத்துக் கணக்கு விதி மாதிரி. அந்த நொடியில் மனசோடு வாதாட வேண்டியிருக்காது. ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்தாயிற்று.

மனநிலையை மாற்றினால் எல்லாம் மாறும் என்று பேசுகிறவர்களை நம்பி ஏமாறாதே. திறமை வளரக்கூடியது என்ற எண்ணத்தை ஊட்டும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியை அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பின்தங்கிய மாணவர்களுக்கு உண்மையிலேயே பலன் இருந்தது. ஆனால் சிறிய பலன். எனக்கு அந்த "சிறிய" என்ற சொல் பிடித்திருக்கிறது. அது நேர்மையான சொல். நம்பிக்கை உன்னை மேசைக்கு முன்னால் உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலை வேறு.

நீ கேட்காமல் மனசில் வைத்திருக்கும் கேள்வியும் எனக்குத் தெரியும். "எவ்வளவு நாளைக்குக்கா?" நியாயமான கேள்வி. எந்நாளும் விடாதே என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்துவது என்றாலும் அதை முடிவு வந்த ராத்திரியில் தீர்மானிக்கக்கூடாது. மனசு சமநிலையில் இருக்கும் ஒரு நாளில், இரண்டு விஷயம் எழுது. எந்தத் தேதிவரை, எதைப் பார்த்து. "இன்னும் ஒரு முறை. அதற்குள் மாதிரித் தாள்களில் இந்த அளவுக்கு வரவில்லை என்றால் வேறு வழி." அப்படி நிறுத்தினால் அது உன் முடிவு. நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு சொல் குறையாகச் சொல்லமாட்டேன். வீட்டில் யாரையும் சொல்லவும் விடமாட்டேன்.

ஆனால் அதற்கு முன் எதில் போயிற்று என்று நமக்குத் தெரிய வேண்டும்.

உன் மாதிரித் தாள்கள் எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கின்றன, எனக்குத் தெரியும். தூசி தட்டி எடுத்து வை. மூன்று வண்ணப் பேனா போதும். தெரியாமல் போனது ஒரு வண்ணம், தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது ஒரு வண்ணம், அவசரத்தில் கேள்வியைத் தப்பாகப் படித்தது ஒரு வண்ணம். தனியாகச் செய்ய மனசு கூசும். எனக்கும் கூசியது. அதனால் தனியாகச் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் அழைக்கிறேன். நீ தாளைக் காட்டு, நான் எண்ணிக்கொள்கிறேன். முதல் தாள் முடிகிறவரை இருவரும் வேறு எதுவும் பேச வேண்டாம்.

அன்புடன்,
உன் அக்கா