மார்ஸ் 3 பற்றிக் கொஞ்சம்

செல்வா,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். எனக்கு அதே வேலை, அதே நைட் ஷிஃப்ட். பகலில் தூக்கம் பிடிக்காமல் சோவியத்காரர்களின் செவ்வாய்க் கலங்களைப் பற்றிப் படிக்கிறேன், இதையெல்லாம் உன்னைத் தவிர யாரிடம் சொல்வது!

1971 டிசம்பர் 2, மார்ஸ் 3 செவ்வாயில் உடையாமல் இறங்கியது. ஐந்து நாள் முன்னால் அதன் ஜோடி மார்ஸ் 2 மோதி நொறுங்கியிருந்தது, ஆக செவ்வாயில் முதன்முதலாகப் பத்திரமாகத் தரை தொட்டது இதுதான். தொட்டு ஒன்றரை நிமிடத்தில் படம் அனுப்ப ஆரம்பித்தது, சுமார் 20 நொடியில் சிக்னல் போச்சு. வந்தது வெறும் சாம்பல் கோடுகள். அதில் அடிவானம் தெரிகிறது என்று சிலர் இன்னும் வாதாடுகிறார்கள், நானும் உற்று உற்றுப் பார்த்தேன், ஒரு மண்ணும் தெரியவில்லை.

அப்போது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல். செவ்வாயைச் சுற்றி வந்து படமெடுக்கும் அமெரிக்கக் கலம் மரைனர் 9 இரண்டு வாரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது, அதற்கும் புழுதிதான் தெரிந்தது, ஆனால் பூமியிலிருந்து புது உத்தரவு கொடுத்து அதைக் காத்திருக்க வைக்க முடிந்தது. சோவியத் கலங்களில் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த உத்தரவு வரிசை, தரையிறங்கும் பாகமான லேண்டரைப் பிடித்து நிறுத்த வழியே இல்லை. கலம் செத்ததற்குப் புயல்தான் காரணமா என்பது இன்றுவரை ஊகம்தான், ஆனாலும் அந்தப் புழுதிக்குள் தள்ளிவிட வேண்டியிருந்ததே என்று எனக்கு ஆறவில்லை.

அப்புறம் மார்ஸ் 3க்குள் ஒரு குட்டி வண்டி இருந்தது தெரியுமா? தடித்த புத்தகம் அளவுதான், நாலரை கிலோ. சக்கரம் கிடையாது, இரண்டு பக்கமும் பனிச்சறுக்குக் கட்டை மாதிரிக் கால்கள், அதை ஊன்றி ஊன்றி நகரும். லேண்டரோடு 15 மீட்டர் கேபிள். முன்னால் நீட்டிய இரண்டு கம்பி கல்லில் இடித்தால், பூமியைக் கேட்காமல் தானே பின்வாங்கித் திசை மாற்றிப் போகும். 1971லடா! ஒரு அடிகூட வைக்காமல் போய்விட்டது. செவ்வாயில் ஒரு வண்டி ஓட 1997 வரை ஆனது.

2013ல் ரஷ்ய ஆர்வலர்கள் சிலர், நாசா கலம் 2007ல் எடுத்த படத்தைச் சல்லடை போட்டுத் தேடி, மார்ஸ் 3 மாதிரித் தெரியும் பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். படத்தை அனுப்புகிறேன். பாராசூட் என்று காட்டுவதை நம்பலாம் போலிருக்கிறது, லேண்டர் என்கிற புள்ளிதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. நீ பார்த்துவிட்டுச் சொல்.

முரளி