இரயி பாறைக்கு ஒரு வேலி: இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

கொல்கத்தாவில் இருக்கும் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், புவியியல் நினைவுச்சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் புவியமைப்பியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவன் நான். தமிழில் எழுதுவதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. கிண்டியில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

விஷயம், ஒடிசாவின் தால்ச்சிர் ஊரின் பெயரைத் தாங்கிய தால்ச்சிர் கற்படுகை. அதைக் காக்க மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்; முதலாவது, மகாராஷ்டிராவில் இரயி என்ற ஊரருகே உள்ள பாறைக்கு ஒரு வேலி. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று நிலக்கரி கிடைக்கிற பூமிகளின் அடியில் கிடக்கிற, சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய பனியாற்று வண்டல்; பனியாறு என்றால் நிலத்தின்மேல் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி. உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்தின் முதல் சாதனைகளில் ஒன்றே அதுதான். 1856-ல் தால்ச்சிர் நிலக்கரிப் பகுதியைப் பற்றி வில்லியம் பிளான்ஃபோர்டு, அவர் தம்பி ஹென்றி, தியோபால்டு மூவரும் எழுதினார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. பச்சை கலந்த மெல்லிய வண்டலுக்குள் ஆள் உயரக் கல்லும் கூழாங்கல்லும் ஒன்றாகப் புதைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, இது பனிக்கட்டி செய்த வேலை என்று எழுதத் துணிந்தார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் ஒடிசாவில் நின்றுகொண்டு! பனியாறு என்று சொல்ல அவர்களுக்கே தைரியம் வரவில்லை; ஆற்றில் உறைந்த பனிக்கட்டி கல்லைத் தூக்கிவந்திருக்கும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள்.

தம்பி ஹென்றி எங்களுக்கு இன்னும் நெருக்கமானவர். பிறகு திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்கு வந்து, அரியலூர் பக்கத்துக் கடற்படிவுகளை நடந்தே அளந்து 1862-ல் அறிக்கை வெளியிட்டார். காரை, ஊட்டத்தூர் என்று நான் பிள்ளைகளைக் கூட்டிப்போன ஓடைகளெல்லாம் அவர் நடந்த தடம். அந்தப் பழக்கத்தில்தான் அவர் முதலில் பார்த்ததையும் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் ரயிலேறி வடக்கே போய்க்கொண்டிருந்தோம்.

போன இடத்தில் பார்த்ததுதான் இந்த மடலுக்குக் காரணம். ஊர்ப் பெயர் வேண்டாம். நிலக்கரி லாரிகள் ஓடுகிற ஒரு சாலையோர ஓடை. ஒரு மாடி உயரத்துக்குத் தால்ச்சிர் தெரியும் கரை. முதல் வருடம் இரண்டு நாள் உட்கார்ந்து 43 கல்லை அளந்தோம். அளப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்காக அல்ல, இதை வெளியில் படிக்கப்போகிறவர்களுக்காக.

அம்மி, குழவி ஞாபகம் இருந்தால் போதும். பனியாறு தன் அடியில் மணலையும் கல்லையும் பற்றிக்கொண்டு நகர்கிறது. அடியில் கிடக்கும் பாறை அம்மி, பனி குழவி, நடுவில் அரைபடுவது மணலும் பொடிக்கல்லும். குழவி முன்னும் பின்னும் போய்வரும். பனி ஒரே பக்கம்தான் போகும். அதனால் அடிப்பாறையில் ஒன்றுக்கொன்று இணையான கோடுகள் விழுகின்றன. அரைத்த கல்லும் தப்புவதில்லை. ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டியின் அடி மாதிரி தட்டையாகிவிடும், அதன்மேலும் கீறல் இருக்கும். நகரும் பனிக்கு அடியில் வண்டல் படியும்போது நீளமான கல் ஓட்டத்தின் போக்கிலேயே படுத்துக்கொள்கிறது, பெரும்பாலும் பனி வந்த திசைக்குத் தலை சாய்த்து. ஒரு கல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாற்பது ஐம்பது கல்லின் நீள அச்சைக் காம்பஸில் பார்த்து, சாய்வைக் குறித்து, வட்ட வரைபடத்தில் போட்டால் ஒரு பக்கம் குவிந்து நிற்கும். பனி போன வழி அதுதான்.

கோடு மட்டும் இருந்தால் பாதி விடைதான். வடக்கு-தெற்குக் கோடு என்றால் வடக்கே போனதா, தெற்கே போனதா? அதற்குக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பனி ஏறிவந்த பக்கம் பாறை வழுவழுவென்றிருக்கும். இறங்கிப்போன பக்கம் துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்திருக்கும், விரலில் தட்டும். கூடவே கல்லின் பூர்வீகத்தையும் விசாரிக்க வேண்டும். இந்த கிரானைட் எந்த மலைக்குச் சொந்தம், அந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று.

ஏமாற்றுகிற கல்லும் உண்டு. மிதந்துபோன பனிக்கட்டியிலிருந்து ஏரிக்குள்ளோ கடலுக்குள்ளோ விழுந்த கல் இருக்கிறதே, அதைச் சுற்றி வண்டல் வரிவரியாக இருக்கும். கல்லுக்குக் கீழே மட்டும் வரிகள் தொட்டில் மாதிரி வளைந்து தொங்கும். அந்தக் கல்லின் அச்சை அளந்து பனியாற்றின் திசை என்று எழுதினால் தப்பு. மலைச்சரிவில் குழம்பாக இறங்கிய சேறும் பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் இப்படித்தான் கலந்துபோடும். ஆகவே கல், கல்லைச் சுற்றிய வண்டல், அடியில் இருக்கும் பாறை மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம்.

நாங்கள் அளந்த அந்தக் கரைக்கு மறுவருடம் போனபோது கரையே இல்லை. பொக்லைன் பல் பதிந்த தடம் மட்டும் இருந்தது. சாலைக்கு அடிக்கிராவல் போட வெட்டி எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “கல்தானே மாஸ்டர்ஜி, வேணும்னா ஒரு லோடு ஏத்தி அனுப்பறேன்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு போர்டு இல்லை, ஒரு கம்பம் இல்லை, யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு லோடு கல் வந்தால் எனக்கு என்ன பிரயோஜனம்? அந்த 43 கல்லும் லாரிக்குள் இருந்தாலும், அவை கிடந்த கிடை போய்விட்டது.

எங்கள் கையும் சுத்தமில்லை. முதல் வருடம் ஒரு மாணவன் கைக்கடக்கமான, அழகாகக் கீறல் விழுந்த கல் ஒன்றைப் பெயர்த்து எடுத்துவந்து எனக்குப் பரிசாகக் கொடுத்தான். பெயர்ப்பதற்கு முன் வடக்கு எது, மேல்பக்கம் எது என்று குறிக்கவில்லை. கவனித்துச் சொல்ல வேண்டியவன் நான். அந்த நேரம் வேறு பக்கம் நின்றிருந்தேன். இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இனி இரயி. சந்திரபூர் பக்கம், பெங்கங்கா பள்ளத்தாக்கில், இரயி என்ற ஊரருகே தால்ச்சிர் கற்படுகைக்கு அடியிலுள்ள சுண்ணாம்புப்பாறை மெருகேறி, கீறலும் பள்ளமுமாகக் கிடப்பதை உங்கள் நிறுவனத்தின் ஃபெடன் கண்டுபிடித்து 1875-ல் உங்கள் இதழிலேயே எழுதினார். அண்ணன் தம்பி ஊகமாகச் சொன்னதற்குத் தரையிலேயே கிடைத்த சாட்சி அது. அம்மியும் அரைத்த மாவும் அதே இடத்தில் சேர்ந்திருக்கிற இடம். அதற்கு ஒரு வேலி வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. மகாராஷ்டிராவில் லோணார் ஏரி உங்கள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறது. சத்தீஸ்கரில் மனேந்திரகர் அருகே ஹஸ்தேவ் ஆற்றங்கரைக் கடல் சிப்பிப் படிவும் இருக்கிறது. அந்தச் சிப்பிகள் தால்ச்சிர் காலத்துக் கடல் உள்ளே வந்ததற்குச் சாட்சி. பனி உருகிக் கடல் ஏறியதற்கு நினைவுச்சின்னம் வைத்த நீங்கள், பனி நகர்ந்ததற்கும் ஒன்று வைக்கலாமே.

வேலி போடத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். பெரம்பலூர் சாத்தனூர்க் கல்மரத்தை 1940-ல் வெளியுலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், 1951-ல் உங்கள் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனவரும் அவரே. இன்று அந்த மரத்தைச் சுற்றி வேலி இருக்கிறது, விவரப் பலகை இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வேனில் வந்து பார்த்துப்போகிறார்கள். மரம் என்றால் யாருக்கும் புரிகிறது. கீறல் விழுந்த சுண்ணாம்புப்பாறையை எருமை குளிப்பாட்டுகிற கல் என்று நினைப்பதில் தப்பில்லை. அதனால்தான் அதற்குப் பலகை இன்னும் அவசியம்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருகே ஹாலெட் கோவ் என்ற கடற்கரைக் குன்று இருக்கிறது. இதே காலத்துப் பனித்தடம். 1877-ல் ரால்ஃப் டேட் கண்டார். அங்கேயும் வீட்டுமனைகள் நெருங்கிவந்தன. 1976-ல் பாதுகாப்புப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தக் கீறல்களைத் தடவிப் பார்த்தவர்கள் பனி தெற்கிலிருந்து வந்தது என்றார்கள். தெற்கே இருப்பதோ கடல்! கடலுக்குள்ளிருந்து பனியாறு கரையேறி வராது. அன்று அங்கே கடல் இல்லை, அன்டார்க்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது என்ற விடை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1912-ல் ஆல்ஃப்ரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது அவர் காட்டிய சான்றுகளில் தென்கண்டங்களின் இந்தப் பழைய பனித்தடங்களும் உண்டு. இந்தியாவின் பங்கு தால்ச்சிர். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி அருகே நோயிட்கெடாக்டில் பனி மெருகேற்றிய பாறையின்மேல் கோய்-சான் என்ற அந்நாட்டுத் தொல்குடியினர் பின்னாளில் உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். 30 கோடி ஆண்டு மெருகு சித்திரப்பலகையானது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஓய்வூதியத்தில் அவ்வளவு தூரம் முடியாது.

இரண்டாவது கோரிக்கை, மண்ணுக்குள் இருப்பதைப் பற்றியது. நிலக்கரி தேடித் துளை போடும்போது தால்ச்சிரைத் தொட்டதும் துளையை முடித்துவிடுவார்கள். அதற்குக் கீழே கரி இல்லையே, செலவு எதற்கு என்பது நியாயம்தான். ஆனால் பத்துத் துளைக்கு ஒன்றையாவது அடிப்பாறை வரைக்கும் விடச் சொல்லுங்கள். அப்படி எடுக்கும் கோரில், அதாவது துளையிலிருந்து வரும் உருளைக் கல்லில், வடக்கைக் குறித்து எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கோர் குழாய்க்குள் சுழன்றுதான் மேலே வருகிறது. மேல்-கீழ் தெரியும், கிழக்கு-மேற்கு தெரியாது. கோர் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாலும் திசையைப் பொறுத்தவரை அது என் மேஜைக் கல் மாதிரிதான்.

மூன்றாவது, சட்டம். புவி மரபிடங்களைக் காக்கும் மசோதாவின் வரைவைச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. சுரங்கம் தோண்டவும் சின்னத்தைக் காக்கவும் ஒரே அமைச்சகமா என்று என்னோடு டீ குடிக்கும் வக்கீல் நண்பர் கேட்டார். உங்கள் நிறுவனமும் அந்த அமைச்சகத்தின் கீழ்தானே இருக்கிறது, எனவே நான் சிரித்ததோடு சரி. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தால்ச்சிர் நன்றாக வெளியில் தெரிகிற இடங்களின் வரைபடத்தை மாவட்ட ஆட்சியருக்கும் சாலைக் குத்தகைதாரருக்கும் கொடுத்து, இங்கே கிராவல் எடுக்காதே என்று எழுதினாலே பாதி காரியம் ஆகிவிடும். அந்த மேஸ்திரி கேட்டிருப்பார்.

வெட்டிப்போன கரையின் 43 அளவுகளும், ஓடையின் இருப்பிடமும், கல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காம்பஸ் வைத்து எடுத்த படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இனி அந்தக் கரைக்கு அவைதான் ஆவணம். தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. நேரில் கிண்டிக்குக் கொண்டுவருகிறேன். எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருச்சி